அவருக்காக அடித்த மஞ்சள்

காசநோய் வந்த என் கணவரை சானடோரியத்தில் சேர்த்துவிட்டு வந்த மறுநாளே வீட்டுக்காரம்மா ஆள் அனுப்பி எங்கள் படுக்கையறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் செய்தார். நான்கு சுவர்களோடு விடவில்லை. ஓட்டுக்குக் கீழே இருந்த மரச்சட்டங்கள், ஜன்னல் கம்பிகள், கதவின் பின்பக்கம் என்று சுண்ணாம்பு மட்டை போன இடமெல்லாம் வெள்ளை. வாசலில் நின்றுகொண்டு, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி, "தப்பு திள்கோபேடம்மா, எனக்கும் வீட்ல சின்னப் பசங்க இருக்கு" என்றார். பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலுமாக அவர் பேசுவது எனக்குப் பழக்கம்தான். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். உண்மையிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய தம்பி ஒருவர் இதே நோயில் போனவர் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு காக்ஸ் டவுனில், ஒரு பெரிய காம்பவுண்டின் பின்பக்கம் இருந்த சிறிய போர்ஷன். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. அவ்வளவுதான். என் கணவர் ஒரு கம்பெனியில் பிளான் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். எங்களுக்கு ஒரே பெண், அப்போது அவளுக்கு ஆறு வயது. அவர் சானடோரியத்துக்குப் போன பிறகு நானும் அவளும் ஹாலிலேயே பாய் விரித்துப் படுத்தோம். அந்த அறையைத் திறப்பதே இல்லை. சுண்ணாம்பு வாசனை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் மகளை அல்சூரில் என் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து அவரைப் பார்க்கப் போவேன். குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். நீளமான வார்டு. தோள் உயரம் வரைக்கும் பச்சை ஆயில் பெயிண்ட், அதற்கு மேலே வெள்ளை. கட்டில் வெள்ளை, போர்வை வெள்ளை. பேசுவதற்கு அதிகம் இருக்காது. ஒருமுறை அவர் எதிர்ச் சுவரில் இருந்த ஒரு விரிசலைக் காட்டி, "அது போன மாசம் ஜன்னல் வரைக்கும்தான் இருந்துச்சு. இப்ப பாரு, தாண்டிப் போயிடுச்சு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த விரிசலே என் கண்ணில் நின்றது.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த சமயம், ஊசியும் மாத்திரையுமாக ஏறக்குறைய ஒரு வருஷம் ஆன பிறகு, டாக்டர் என்னைக் கூப்பிட்டார். சளியில் கிருமி இல்லை, தொடர்ந்து பல தடவை பார்த்துவிட்டோம், அடுத்த மாதம் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார். ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது, நல்ல சாப்பாடு வேண்டும், இன்னும் சில மாதங்கள் முழு ஓய்வு வேண்டும். "காத்தும் வெளிச்சமும் உள்ள ரூம் இருக்குல்ல?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்போதே என் மனதில் முடிவாகிவிட்டது. அந்த அறையில் வெள்ளையும் இருக்கக் கூடாது, பச்சையும் இருக்கக் கூடாது.

என் நாத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. தாய் இல்லாமல் வளர்ந்த தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். அந்த ஒரு வருஷமும் வாரம் தவறாமல் கூடையில் முட்டை கொண்டுவந்து கொடுத்தவர்.

"நோயாளி ரூமுக்கு வெள்ளைதாம்மா சுத்தம். ஒரு தூசி ஒட்டினாலும் தெரியும்" என்றார்.

"அண்ணி, அவரு ஒரு வருஷமா வெள்ளையைத்தான் பாத்துக்கிட்டிருக்காரு."

"பாத்ததுனாலதானே சரியாச்சு?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

கமர்ஷியல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பெயிண்ட் கடை இருந்தது. கடைக்காரர் ஒரு கலர் அட்டையை எடுத்துப் போட்டார். தபால்தலை அளவுக்குச் சின்னச் சின்னச் சதுரங்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு முழு அறையை எப்படிக் கற்பனை செய்வது? என் மகள் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து, "இது அப்பாவுக்குப் பிடிக்கும், இதுவும் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் மூன்று நிறங்களில் தூள் டிஸ்டெம்பர் கொஞ்சம் கொஞ்சமாகப் பொட்டலம் கட்டி வாங்கிவந்தேன். வெளிர்நீலம், ஒரு ரோஸ், வெண்ணெய் போல ஒரு மஞ்சள்.

வீட்டில் வெந்நீரில் கரைத்து, பழைய ஷேவிங் பிரஷ்ஷால் சுவரில் மூன்று பட்டைகள் தீட்டினேன். காலையில் நன்றாக இருந்த நீலம், சாயங்காலம் விளக்கைப் போட்டதும் சாம்பல் பூத்தது போல ஆகிவிட்டது. பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. படுத்திருப்பவரின் முகம் அந்த நிறத்துக்கு முன்னால் எப்படித் தெரியும் என்றுதானே பார்க்க வேண்டும்? மகளை ஒவ்வொரு பட்டைக்கு முன்னாலும் நிறுத்திப் பார்த்தேன். ரோஸுக்கு முன்னால் அவள் முகம் ஜுரம் வந்தது போலச் சிவந்து தெரிந்தது. வேண்டாம் என்று அப்போதே தள்ளிவிட்டேன். மஞ்சளுக்கு முன்னால் அவள் வெயிலில் நிற்பது போல இருந்தாள். அதுதான் என்று முடிவு செய்தேன்.

"மஞ்சக்காமாலை வந்த மாதிரி தெரிவானே" என்று நாத்தனார் கவலைப்பட்டார். நானே போய் நின்று காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீ ரொம்ப எளைச்சுப் போயிட்டேம்மா" என்று மட்டும் சொன்னார்.

நீலசந்திராவிலிருந்து ஒரு பெயிண்டர் வந்தார். சுண்ணாம்பைச் சுரண்டி, சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் அடித்தார். முதல் கோட் ஈரத்தில் மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருந்தது. காய்ந்ததும் வெளுத்து, நான் நினைத்த இடத்துக்கு வந்துவிட்டது. ஜன்னலுக்குச் சின்னச் சின்ன ஊதாப் பூப்போட்ட துணியில் திரை தைத்தேன். பள்ளிக்கூடத்துத் தையல் மெஷினில், பிள்ளைகள் போன பிறகு உட்கார்ந்து தைத்தது. படுக்கை விரிப்பின் ஓரத்தில் சங்கிலித் தையல் போட்டேன். மருந்துப் பாட்டில்கள் கண்ணில் படக் கூடாது என்று அலமாரிக்கும் ஒரு குட்டித் திரை. கட்டிலை எப்படிப் போட்டால் ஜன்னல் வழியாகக் காம்பவுண்டில் இருந்த சில்வர் ஓக் மரம் தெரியும் என்று, நானே படுத்துப் படுத்துப் பார்த்து இடம் மாற்றினேன். அந்த நாட்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். ஒரு வருஷமாக அவருக்காக நான் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. ஊசி போடுகிறவர்கள் போட்டார்கள், ஜெபம் பண்ணுகிறவர்கள் பண்ணினார்கள். இப்போதுதான் என் கையில் ஒரு வேலை இருந்தது.

அவர் டாக்சியில் வந்து இறங்கினார். பாலும் முட்டையுமாகக் கொடுத்ததில் கன்னத்தில் சதை வைத்து, சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டு நின்றது. மகள் முதலில் அடையாளம் தெரியாதவள் போல என் பின்னால் ஒளிந்தாள். அறை வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். சுவரைத் தொட்டார். திரையின் ஓரத்தைப் பிடித்துத் தையலைப் பார்த்தார்.

"இதெல்லாம் எப்ப பண்ணின?"

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார். கட்டிலில் உட்கார்ந்தார். மரத்தைப் பார்த்தார். நான் போய்க் காபி கலந்தேன்.

அடுத்த சில நாட்கள் அவர் நான் சொன்னபடியெல்லாம் கேட்டார். சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார். ஆனால் நான் அறைக்குள் நுழையும்போதெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் பார்க்காமல், கதவுப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தார். கதவைச் சாத்தினால், சிறிது நேரத்தில் எழுந்து திறந்துவிடுவார். ஒருநாள் நான் சமையலறையிலிருந்து திரும்பிப் பார்த்தபோது அறையின் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்றார்.

"சொல்லுங்க."

"கட்டிலைத் தூக்கி ஹால்ல போட்டுடலாமா?"

எனக்குப் புரியவில்லை. "ஏன், ரூம்ல என்ன? காத்து போதலையா?"

"காத்துக்கு என்ன, ஜிலுஜிலுன்னு வருது."

"மஞ்ச பிடிக்கலையா?"

"மஞ்ச நல்லாத்தான் இருக்கு. அங்க முப்பது பேரு ஒரே வார்டுல இருந்தோம். ஆனா யாரும் யாருகிட்டயும் பேசக் கூடாது, பேசினா இருமல் வரும்னு நர்ஸம்மா திட்டும். கண்ணு முழிச்சா சுவரு, மூடினா சுவரு. இங்கயும் முழிச்சா சுவருதான் தெரியுது. நீ எவ்வளவு அழகா பண்ணினாலும் அது சுவருதானே? நீ அங்க பாத்திரம் எடுக்குற சத்தம் கேக்குது. பாப்பா என்னமோ கேக்குறா. நீ சிரிக்கிற. எதுக்குச் சிரிச்சேன்னு எனக்குத் தெரியல."

கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கவில்லை. கோபம்தான் வந்தது. "வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? ஒரு மாசமா நான் எதுக்கு நாய் மாதிரி அலைஞ்சேன்?" என்றேன்.

"அதனாலதான் சொல்லல" என்றார் அவர்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. அவர் அங்கிருந்து போகவில்லை. மெதுவாக உள்ளே வந்து, மகளின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த முக்காலி அவர் கனத்துக்குக் கிறீச்சிட்டது. அவரும் பயந்து எழுந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது.

"இப்ப எதுக்குச் சிரிச்சேன்னு தெரிஞ்சுதா?" என்றேன்.

"தெரிஞ்சுது" என்றார்.

அன்று மாலையே பக்கத்துப் போர்ஷன்காரரைக் கூப்பிட்டுக் கட்டிலை ஹாலுக்கு மாற்றினோம்.

அந்த ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ஸ்டவ் புகை, ஒரு பக்கம் மழை ஒழுகின கறை, கீழ்ப்பகுதி முழுவதும் என் மகள் கரியால் எழுதிப் பழகிய எழுத்துக்கள். அதற்கு நடுவில் கட்டிலைப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி சாய்ந்திருந்தார். சமையலறை தெரிந்தது, வாசல் தெரிந்தது, காம்பவுண்டில் போகிற வருகிறவர்கள் தெரிந்தார்கள். மகள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னாள். கிட்டப் போகலாமா என்று டாக்டரிடம் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் நான் அதை அனுமதித்தேன். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "இத்தனை செலவு பண்ணி ரூம் அடிச்சதெல்லாம் எதுக்கு?" என்று என்னைப் பார்த்தார். "அக்கா, அவளைக் கேக்காதே, என்னைக் கேளு" என்றார் அவர்.

மஞ்சள் அறையில் நானும் மகளும் படுக்க ஆரம்பித்தோம். முதல் சில நாட்கள் எனக்கு அங்கே தூக்கம் வரவில்லை. ஒரு பரிசைக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொண்டது போல இருந்தது. பிறகு ஒரு விடியற்காலையில், சில்வர் ஓக் இலைகளுக்கு நடுவே வந்த வெயில் சுவரில் விழுந்து, அறை முழுவதும் இளஞ்சூடாக ஆனதைப் படுத்தபடியே பார்த்தேன். பிறந்ததிலிருந்து அக்கா தங்கைகளோடு, பிறகு ஹாஸ்டலில், பிறகு கல்யாணம் என்று இருந்தவள் நான். நானே நிறம் பார்த்து, நானே திரை தைத்த அறையில் நான் தூங்கியதே இல்லை. அன்றைக்கு எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதம் செய்தேன். ஹாலிலிருந்து அவர் "டீச்சரம்மா, ஸ்கூல் இல்லையா?" என்று குரல் கொடுக்கும் வரை.

மழைக்காலம் முடியும்போது, கொஞ்சம் நடக்கலாம், சின்னச் சின்ன வேலை செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் உடனே ஹாலுக்கு நிறம் அடிக்கப் போகிறேன் என்றார். சின்ன வேலை என்றால் சட்டை மடிப்பது என்று நினைத்திருந்தேன் நான்.

"என்ன கலர்?" என்று கேட்டேன்.

"ரோஸ்."

"ரோஸா? ஜுரம் வந்த மூஞ்சி மாதிரி இருக்கும். நான் பாத்தாச்சு."

"உலகத்துல எந்த ஆஸ்பத்திரியிலயாவது ரோஸ் அடிப்பானா சொல்லு."

சுவரை அதே பெயிண்டரைக் கொண்டே அடித்தோம்; என் கணவரை ஏணியில் ஏற நான் விடவில்லை. ஆனால் இடுப்புக்கு மேலே ஓடுகிற பார்டர் தன்னுடையது என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஒரு இலை, ஒரு குருவி, மறுபடி இலை. படுக்கையில் பலகையை வைத்துக்கொண்டு, ஆபீஸ் வேலை போல அளவெடுத்து வரைந்தார். அதைச் சுவரில் பதிக்கிற அச்சு வெட்ட அட்டை சரிப்படவில்லை. இரண்டு தடவை பெயிண்ட் பட்டதும் ஊறிக் கிழிந்தது. அப்போதுதான் அவருடைய மார்பு எக்ஸ்ரே படங்கள் நினைவுக்கு வந்தன. ஒரு கட்டு இருந்தது வீட்டில்.

நான் கூடவே கூடாது என்றேன். அவர் அடுத்த தடவை போனபோது டாக்டரிடமே கேட்டுவிட்டார். முதல் படத்தையும் கடைசி இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, மற்றதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அதனால் என் கணவர் படத்தில் தெரிந்த விலா எலும்புகளுக்கு நடுவில் பிளேடை வைத்துக் குருவியை வெட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கருப்பும் சாம்பலுமான நெஞ்சுக்குள் ஒரு குருவி வடிவத்தில் ஓட்டை. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "ஏசுவே, என்னடா இது!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தம்பி அவருக்கு அதை விளக்கிச் சொல்ல, கடைசியில் அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இந்தப் பக்கம் வால் கொஞ்சம் நீளமா இருக்கு" என்றார்.

நான் அச்சைச் சுவரில் அழுத்திப் பிடிப்பேன். அவர் பஞ்சுத் துணியைக் கருநீலத்தில் தொட்டு ஒத்தி எடுப்பார். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான். மூச்சு வாங்குவது தெரிந்ததும் நிறுத்திவிடுவோம். அவர் கை என் கைக்குப் பக்கத்தில் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வருஷம் அந்தக் கையைப் பார்வையாளர் நேரத்தில் மட்டும் பிடித்திருந்தேன். அவ்வளவு அளவெடுத்தும், சமையலறை வாசலுக்குப் பக்கத்து மூலையில் கணக்கு உதைத்துவிட்டது. ஒரு குருவிக்குத் தலை மட்டும்தான் இடம் கிடைத்தது. "உடம்பு உள்ளே இருக்கு, காபி குடிக்குது" என்று மகளிடம் சொன்னார். அவள் அதை ரொம்ப நாள் நம்பினாள்.

வீட்டுக்காரம்மா அவர் வந்ததிலிருந்து எங்கள் படியேறியதில்லை. வாசலுக்கு வெளியே நின்று வாடகை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பார்டர் முடியும் தறுவாயில் ஒருநாள் அப்படி வந்தவர், கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். முந்தானை மூக்கில்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தை நீட்டினார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"யாரு பண்ணது?"

என் கணவர் கட்டிலிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். வீட்டுக்காரம்மா சுவரோரமாகவே நடந்து, ஒவ்வொரு குருவியாகப் பார்த்துக்கொண்டு போனார். பார்த்துக்கொண்டே போனதில் முந்தானை எப்போது கையை விட்டு நழுவியதென்று அவருக்கே தெரியவில்லை.

"சென்னாகிதே" என்றார். நன்றாக இருக்கிறதாம். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அவரை அப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார். "நம்ம தம்மாவும் இப்படித்தான், எப்பப் பாரு ஏதானும் படம் போட்டுட்டே இருப்பான்" என்றார். இறந்துபோன தம்பியைச் சொல்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. அதற்கு முன்பு அந்தத் தம்பியைப் பற்றி அவர் வாயால் எங்களிடம் ஒரு வார்த்தை வந்ததில்லை. நான் காபி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தத் தம்பியின் காலத்தில் இந்த மருந்தெல்லாம் கிடையாது என்றும், கடைசியில் பின்கட்டு அறையில் தனியாக வைத்திருந்தார்கள் என்றும், சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வருவதே தன்னுடைய வேலை என்றும் நிதானமாகச் சொன்னார். எழுந்து போகும்போது, தன் பூஜையறைக்கும் இப்படி ஒரு வரிசை போட முடியுமா என்று கேட்டார்.

"உடம்பு தேறட்டும்மா, மயிலே போட்டுத் தரேன்" என்றார் அவர்.

போட்டும் கொடுத்தார், கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால். அது முடிந்தபோது வீட்டுக்காரம்மா ஒரு எவர்சில்வர் தட்டில் பழமும், ஒப்பட்டு என்கிற போளியும் வைத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

புது வருஷம் பிறந்து சில வாரங்களில் அவர் வேலைக்குத் திரும்பினார். முதல் நாள், பழைய சட்டைகள் எதுவும் சேராததால், நான் பிரித்துத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்று நான் பள்ளிக்கு லீவு சொல்லியிருந்தேன். அவர் போன பிறகு ஹாலில் உட்கார்ந்து அந்த ரோஸ் சுவரைப் பார்த்தேன். நான் சொன்னது சரிதான், அது நல்ல நிறமில்லை. மத்தியான வெயிலில் கண்ணைக் குத்தியது. மாலையில் அவர் வந்ததும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். வந்தவர் களைத்துப் போயிருந்தார், ஆனால் முகம் மலர்ந்திருந்தது. ஆபீஸில் எல்லாரும் கை கொடுத்தார்களாம், ஒருவர்கூடக் கையை இழுத்துக்கொள்ளவில்லையாம். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே, ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் ஷூவைக் கழற்றிவிட்டு, சோறு வடிக்கப் போனேன்.